பார்த்தேன் என்று சொன்ன நடுவர்

திருச்சியில் விமானம் இறங்கியபோது மழை. ஈப்போவில் காருக்கு ஓடும்போது என்னை நனைத்த மழை எனக்கு முன்பே வந்து காத்திருந்ததுபோல் இருந்தது. எங்கள் ஊர் மழை மாலை நாலு மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விடும், ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. இங்கே ஐப்பசி மழைக்கு நேரம் காலமே கிடையாது என்றார் ஆட்டோக்காரர் செல்வம்.

"நாலு நாளா ஊத்துதுங்க. சார் சிங்கப்பூரா?"

"மலேசியா."

"எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். மலேசியக்காரனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அதுதான். ஆனாலும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. செல்வத்துக்குச் சொந்த ஊர் மருங்காபுரிப் பக்கம். "இங்க இந்த ஊத்து ஊத்துது. எங்க ஊர்ல ஒரு சொட்டு கிடையாது. போட்ட சோளம் மொளைச்சு நின்னு காயுது. வண்டியில போனா ஒன்றரை மணி நேரம்தான், மேகத்துக்கு அந்த வழி தெரியலை பாருங்க" என்று வழி நெடுக மேகத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்துப்போய், நாலு நாளைக்கும் அவர் வண்டியையே பேசிக்கொண்டேன்.

என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தேடுகிற ஆசையும் எனக்கில்லை. நான் வந்தது ஒரு பிளிட்ஸ் சதுரங்கப் போட்டிக்கு நடுவராக இருக்க. இரண்டு நாள், பத்து ஆட்டம், ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு மூன்று நிமிடம், ஒரு காயை நகர்த்தினால் இரண்டு வினாடி கூடுதலாகக் கிடைக்கும். மோதுகிறவர்கள் ஸ்ரீரங்கத்துச் சம்பத்தும் துவாக்குடி துரைராஜும். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள், ஒரே வயது, ஒரே மாவட்டம். இருபத்திரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்.

ஈப்போவில் நடந்த ஒரு போட்டியின் கடைசிச் சுற்று அது. இருவருக்கும் அப்போது இருபது வயது. ஜெயிப்பவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் உறுதி. நேரம் குறைந்து இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தபோது சம்பத் கையைத் தூக்கினார். "குதிரையைத் தொட்டான் சார். இப்ப வேற காயை ஆடறான்" என்றார். சதுரங்கத்தில் தொட்ட காயைத்தான் ஆடவேண்டும். துரைராஜ் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டு, "நான் பார்த்தேன். குதிரையைத்தான் ஆடவேண்டும்" என்றேன். குதிரையை ஆடினார், தோற்றார். அவருக்குப் பட்டம் வர மேலும் ஆறு வருடமாயிற்று.

நான் பார்க்கவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தேனா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தொடவே இல்லை என்று துரைராஜ் போகிற இடமெல்லாம் சொன்னார், பேட்டிகளிலும் சொன்னார். ஊர் அவரை நம்பியது. சதுரங்க வட்டாரத்தில் சம்பத்துக்குத் 'தொட்டான் சம்பத்' என்று பெயரே விழுந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, திருச்சிப் போட்டியை நடத்தும் கல்யாணி மேடம் எனக்குப் போன் செய்தபோது நம்பமுடியாத ஒன்றைச் சொன்னார். "துரைராஜ் சார்தாங்க நீங்கதான் நடுவரா வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. சம்பத் சாரும் சரின்னுட்டாரு." போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு அறுபத்தாறு வயது. இனி எப்போது சொல்வது?

புத்தூரில் எனக்கு அறை போட்டிருந்தார்கள். சுற்றிலும் மருத்துவமனைகள். மாலையில் தேநீர் குடிக்க இறங்கினால் தெருவில் பாதிப் பேர் கையில் ஃபிளாஸ்க்கோடு போகிறார்கள். ஒருவர் எக்ஸ்ரே உறையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினார். டீக்கடையில் என் பக்கத்தில் நின்ற பெண் போனில், "எல்லாரையும் வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. நீ வேலையை விட்டுட்டு வராத, அண்ணன் மட்டும் வரட்டும்" என்று அழாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். டீ நன்றாக இருந்தது. குடிக்கத்தான் முடியவில்லை.

துரைராஜ் போன் செய்தார். "வந்துட்டீங்களா சார்? ரூம் வசதியா இருக்கா? ஆட்டம் முடியட்டும், அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆகட்டும்" என்று மட்டும் சொன்னேன். ஆட்டத்துக்கு முன் சொன்னால் அவர் மனம் கலையும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

மறுநாள் இட்லி பசியாறிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். அது கல்யாண மண்டபம். வலப் பக்கம் துவாக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்த பொறியியல் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளிகளும். துரைராஜின் அப்பா அங்கே கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். இடப் பக்கம் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தகராறில் உட்கார்ந்திருப்பதுபோல் நடுவில் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது.

இருவரும் கை குலுக்கினார்கள். குலுக்கினார்கள் என்று சொல்லக்கூடாது, சூடான டம்ளரைத் தொடுவதுபோல் விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்கள். முகத்தைப் பார்க்கவே இல்லை. சம்பத்துக்குத் தலை நரைத்துவிட்டது. நெற்றியில் அதே சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு. துரைராஜ் தடித்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் தன் குதிரைகள் இரண்டையும் இடப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும், "சரி பண்ணிக்கிறேன்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் தொட்டார். அப்படிச் சொல்லிவிட்டுத் தொட்டால் அந்தக் காயை ஆடவேண்டிய கட்டாயமில்லை. அந்த இரண்டு சொல்லும் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிளிட்ஸ் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யோசிக்கிற ஆட்டம் இல்லை அது, கை யோசிக்கிற ஆட்டம். டக், டக் என்று கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும். முதல் ஆட்டத்தைச் சம்பத் இருபது நகர்த்தலில் முடித்தார். இரண்டாவதில் துரைராஜ் ராணியைக் கொடுத்துவிட்டு ராஜாவைப் பிடித்தார், வலப் பக்கம் விசில் பறந்தது. மூன்றாவதில் சம்பத் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது பின்வரிசையிலிருந்து யாரோ, "தொட்டான்... தொட்டான்..." என்று ராகம் போட்டார்கள். பலர் சிரித்தார்கள். துரைராஜ் சிரிக்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பத் டம்ளரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அன்றைக்கு அவர் மூன்று, துரைராஜ் இரண்டு.

அன்று மாலை சம்பத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். போட்டி நடக்கும்போது நடுவர் ஆட்டக்காரர் வீட்டில் கை நனைக்கக்கூடாது. தெரிந்தும் போனேன், அவரிடமாவது முதலில் சொல்லிவிடலாம் என்று. காவிரிப் பாலத்தில் செல்வத்தின் ஆட்டோ இருமி இருமி நின்றுவிட்டது. "எஞ்சின்ல தண்ணி பூந்துருச்சு சார், ஒரு கை கொடுங்க" என்றார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சர்வதேச நடுவரான நான் ஆட்டோ தள்ளினேன். கீழே காவிரி மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு ஓடிற்று. பாலத்து ஓரத்தில் குடை பிடித்து வேடிக்கை பார்த்த கூட்டம் கொஞ்ச நேரம் ஆற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

உத்தர வீதியில் சம்பத்தின் வீடு. "நனைஞ்சுட்டேளே, முதல்ல தலையைத் துடைச்சுக்கோங்கோ" என்று துண்டு கொடுத்தார். அவர் மனைவி அக்காரவடிசலும் புளியோதரையும் பரிமாறிவிட்டு, "பெருமாளைச் சேவிச்சேளா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என்மேல் இரக்கமே வந்துவிட்டது. எங்கள் ஊரில் அக்காரவடிசல் என்று ஒன்று கல்யாணத்தில் போடுவார்கள், அதை இனி நான் அந்தப் பெயரால் கூப்பிடமாட்டேன்.

சாப்பிட்ட பிறகு சம்பத் குரலைத் தாழ்த்தினார். "சார், ஒண்ணு சொல்றேன். இருபத்திரண்டு வருஷமா பொய்யன், பொய்யன்னு கேட்டுக் கேட்டு, எனக்கே சந்தேகம் வந்துடுத்து. நெஜமாவே அவன் தொட்டானா, ஜெயிக்கணும்கற வெறியில எனக்கு அப்படித் தோணித்தா? என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து அழுதுண்டு வந்தா, 'அப்பா, நீ பொய் சொல்லியா ஜெயிச்சே?'ன்னு கேட்டா. அப்போல்லாம் உங்களைத்தான் நினைச்சுப்பேன். நடுவர் பார்த்தாரே, அவருக்கு என்ன வந்தது, அவர் எதுக்குப் பொய் சொல்லணும்? அந்த ஒரு சாட்சியைப் பிடிச்சுண்டுதான் நான் தூங்கறேன்."

சொல்ல வந்ததை இலையோடு சேர்த்து மடித்துவிட்டேன். திரும்பும்போது செல்வம், "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா?" என்றார். "ரொம்ப" என்றேன்.

இரண்டாம் நாள். ஒன்பது ஆட்டம் முடிந்தபோது இருவரும் நாலரை, நாலரை. மழைச் சத்தத்தில் மண்டபத்துத் தகரக் கொட்டகை அதிர்ந்தது. கடைசி ஆட்டத்தில் துரைராஜ் சம்பத்தை நெரித்துக்கொண்டே வந்தார். முடிவில் சம்பத்தின் ராணி மாட்டிக்கொண்டது. துரைராஜ் தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவருக்கு ஒன்பது வினாடி, சம்பத்துக்கு நாலு.

துரைராஜின் கை நீண்டது. அவசரத்தில் விரல்கள் பக்கத்தில் நின்ற ராஜாவின் தலையைப் பிடித்தன. பிடித்ததும் விட்டுவிட்டு யானைக்கு மேலே போய் நின்றன. சம்பத் பார்க்கவில்லை, அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. பார்வையாளர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கூடத் திறக்கவில்லை, தெளிவாகப் பார்த்தேன்.

ஒரு பலகைக்கு ஒரு நடுவர் உட்கார்ந்திருந்தால் பார்த்ததை உடனே சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. ஈப்போவில் பிடுங்கியதைத் திருச்சியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, வாய் பூட்டிக்கொண்டது, அந்தப் பூட்டு எனக்குச் சௌகரியமாக இருந்தது.

துரைராஜ் யானையை எடுக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏழு, ஆறு, ஐந்து என்று வினாடி ஓடுகிறது. பிறகு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "ராஜாவைத் தொட்டுட்டேன்" என்றார். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி வைத்துக் கடிகாரத்தைத் தட்டினார். சம்பத்தின் ராணி தப்பித்தது மட்டுமில்லை, யானையையும் வெட்டியது. துரைராஜ் கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சம்பத் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் வெச்சு என்னைக் கேலி பண்றியா?" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் துரைராஜிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். துரைராஜ், "இல்லடா, சம்பத்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் மேடையை விட்டு இறங்கி, குடைகூட எடுக்காமல் மழையில் போய்விட்டார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணி மேடம் திகைத்து நின்றார்.

மண்டபத்தின் பின்னால், சமையல் அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்த இடத்தில், துரைராஜ் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"பார்த்தீங்கள்ல சார்?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"ஈப்போவில்... அன்றைக்கு நான் பார்க்கவில்லை, துரைராஜ். பார்க்காமலே சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக..."

அவர் சிரித்தார். அதைச் சிரிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "தெரியும் சார். நீங்க ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நான் தொட்டேன் சார்."

"எதை?" என்றேன்.

"குதிரையைத் தொட்டேன். இன்னைக்கு மாதிரியே தெரியாமத்தான். சம்பத் கையைத் தூக்கினதும் ஒத்துக்கத்தான் வாயைத் திறந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க. பார்க்காத ஆளு, என் மூஞ்சிக்கு நேரா, பார்த்தேன்னு சொல்றீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு வந்த ஆத்திரத்துல தொடவே இல்லைன்னுட்டேன். எங்க அப்பா நம்பிட்டாரு. பட்டறையே நம்பிருச்சு. அதுக்கப்புறம் எப்படி சார் மாத்துறது? அவனைப் பொய்யனாக்கிட்டேன். அவன் நல்லவன் சார்."

தண்ணீர்க் குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதைக் கேக்கத்தான் உங்களை வரச் சொன்னேன். ஏன் சார் என்னைக் கேக்கவே இல்லை?"

"தெரியவில்லை" என்றேன்.

"அன்னைக்குப் பார்க்காம பார்த்தேன்னீங்க. இன்னைக்குப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டீங்க. ரெண்டு தடவையும் நீங்க காயைப் பார்க்கலை சார். எங்க மூஞ்சியைத்தான் பார்த்தீங்க." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "நான் போய்ச் சொன்னா கேலின்னு நினைப்பான். பார்த்தீங்கள்ல. ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். அவன்கிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க."

நாலாம் நாள் காலை, விமானத்துக்கு முன்னால், மறுபடி ஸ்ரீரங்கம். மழை விட்டிருந்தது, வானம் மட்டும் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. செல்வம் அன்றைக்கு ஏனோ பேசவில்லை. சம்பத் கதவைத் திறந்து, "வாங்கோ" என்றார். கண்கள் வீங்கியிருந்தன. உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னேன். அன்றைக்கு ஈப்போவில் குதிரையைத் தொட்டதைத் துரைராஜ் ஒப்புக்கொண்டார், கேலி இல்லை, நேற்று அவர் அப்படித்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்று.

சம்பத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தொட்டானா?" என்றார். "தொட்டானா!" என்று மறுபடியும். பிறகு உள்ளே பார்த்து, "கேட்டயா, அவன் தொட்டானாம்!" என்று கத்தினார். அவர் மனைவி ஓடிவந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கும் கண் நிறைந்தது. இப்படியே கிளம்பிப் போயிருக்கலாம். போயிருக்கவேண்டும் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது.

"அவன் சொல்லாட்டா என்ன சார், நீங்க அன்னைக்கே பார்த்துச் சொன்னேளே!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் பார்க்கவில்லை, சம்பத்."

கையை விடவில்லை. புரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "பின்னே? எதை வெச்சு அப்படிச் சொன்னேள்?"

துரைராஜிடம் தெரியவில்லை என்று சொன்னது பொய். எனக்குத் தெரியும். ஒரு பக்கம் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் கோடு, நிதானமான பேச்சு. இன்னொரு பக்கம் கசங்கிய சட்டை, நகத்தில் பட்டறைக் கறுப்பு. என் அப்பாவின் நகமும் ரப்பர் பால் பட்டுக் கறுத்துத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள் என்பதைத் தோட்டத்தில் பார்த்தே வளர்ந்தவன், வளர்ந்து அதையே செய்தேன்.

"உங்கள் நெற்றியைப் பார்த்துச் சொன்னேன்" என்றேன்.

அவர் கை என் கையை விட்டுத் தன் நெற்றிக்குப் போயிற்று. கோட்டின்மேல் விரல் படாமல் பக்கத்திலேயே நின்றது. "அப்போ நான் நெஜம் சொன்னேன்னு இல்லையா?"

"இல்லை."

"நான் பொய்யே சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேளா?"

"நம்பியிருப்பேன்."

அவர் மனைவி வழிக்குப் புளியோதரை கட்டி வைத்திருந்தார். சம்பத் அந்தப் பொட்டலத்தை உள்ளேயிருந்து எடுத்துவந்து, என்னைப் பார்க்காமல் கொடுத்தார். "நாழியாறது. கிளம்புங்கோ" என்றார். போய்விட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை.

பாலத்தில் போகும்போது செல்வம்தான் பேச்சை ஆரம்பித்தார். "ஊர்லேர்ந்து போன் வந்துச்சு சார். நேத்து சாயங்காலம் எங்க பக்கம் செம மழையாம், குளமே ரொம்பிருச்சாம்."

"நல்லதாப் போச்சே" என்றேன்.

"எங்கங்க? சோளம் போன வாரமே கருகிருச்சு" என்று சொல்லிவிட்டு, முன்னால் போன பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தார்.